எட்டு சென்ட் கீரைப்பாத்தியும் அறுபத்திரண்டு கிடாவும்

ஆனையூர், மதுரை
12-2-1983

சுருளி,

எட்டு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். கிழிப்பதானால் மூன்றாவது பத்தியைப் படித்துவிட்டுக் கிழி.

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கல்லூரி லேபில் வேலை பார்ப்பவனின் பழக்கம் இது. போன ஜூனில் உன் கன்றுக்குட்டி கண் தெரியாமல் சுவரில் முட்டி முட்டிச் செத்தது. கிணற்றடிக் கீரைப்பாத்தியின் மண்ணையும் கீரையையும் நீ பொட்டலம் கட்டி என்னிடம் கொடுத்தாய். சோதித்தேன். இரண்டிலும் ஈயம். உன் நிலத்தை ஒட்டி நாலு வருஷம் பழைய பேட்டரி உருக்கிய கொட்டகை இப்போது இல்லை, ஆட்களும் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் சும்மா கொடுத்த கறுப்புப் பேட்டரிப் பெட்டிகளை நீ வண்டியில் ஏற்றி வந்து பாத்திக்கு வரப்புக் கட்டியிருந்தாய். அதிலிருந்த அமிலமும் ஈயமும் மண்ணில் இறங்கிவிட்டன. இதை உன்னிடம் சொல்லாமல் டீக்கடையில் நின்று சொன்னவன் நான்.

மூன்றாவது பத்தி இதுதான். அந்த மண்ணை வெட்டி எறிய வேண்டியதில்லை. முட்டை ஓட்டைத் தூளாக்கிப் போட்டால் மண்ணின் புளிப்பு அடங்கும். எலும்புத் தூளில் பாஸ்பேட் இருக்கிறது, அது ஈயத்தைப் பிடித்துக் கரையாத கல்லாக்கிவிடும். ஈயம் மண்ணை விட்டுப் போகாது. ஆனால் வேர் அதை உறிஞ்சுவது வெகுவாகக் குறையும். இரண்டுமே பரோட்டாக் கடைகளின் பின்பக்கம் தினமும் குப்பையில் போகிற பொருள்கள். லைப்ரரியில் பல பத்திரிகைகள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி முத்துத்தாயைக் கேட்டதாகச் சொல்.

யேசுதாஸ்


கொட்டாம்பட்டி வழி
3-3-1983

உயர்திரு யேசுதாஸ் அவர்களுக்குச் சுருளி எழுதிக்கொண்டது.

தங்கள் கடிதம் கிடைத்தது. பிராக்டிகல் ரிக்கார்டு நோட்டு மாதிரி இருந்தது. நோக்கம், செய்முறை எல்லாம் சரியாக இருக்கிறது. முடிவை மட்டும் நான் எழுதுகிறேன்.

நீங்கள் டீக்கடையில் சொன்னது விஷயம் இல்லை என்று நினைத்து "சொன்னவன் நான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பதினாறு பேர். "சுருளி பொண்டாட்டி கீரைய யாரும் வாங்காதீங்க, அது விஷம்" என்று கத்தினீர்கள். கடைக்கார முத்திருளன் வாங்கி வைத்திருந்த கட்டை அப்படியே தெருவில் வைத்தார். மறுநாள் முத்துத்தாய் சந்தைக்குப் போய் உட்கார்ந்து, கொண்டுபோன கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் குழியில் கொட்டி மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த எட்டு சென்ட்டில் கீரை போட்டு விற்றவள். இப்போது அடுத்தவன் காட்டில் கடலை பிடுங்கப் போகிறாள். பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து அடுக்கியது நான், பேர் கெட்டது அவளுக்கு.

மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். வீட்டுக்கு வந்து, "மாப்ள, மண்ணு கெட்டுப்போச்சுடா" என்று காதோடு சொல்லியிருந்தால் நானே பாத்தியை மூடியிருப்பேன். நீங்கள் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வராமல் டீக்கடையில் சொன்னீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

முட்டை ஓடும் வேண்டாம், எலும்பும் வேண்டாம்.

இப்படிக்கு,
சுருளி

பி.கு. எட்டு சென்ட்டுக்கு எத்தனை மூட்டை என்று எழுதவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


ஆனையூர்
20-3-1983

சுருளி,

முட்டை ஓடு ஆறு மூட்டை. எலும்பு எவ்வளவு கிடைத்தாலும் சரி.

நீ எழுதியதற்கு என்னிடம் நேரான பதில் இப்போது இல்லை. சொன்னது சரி, சொன்ன விதம் தப்பு. ஏன் அப்படிக் கத்தினேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுத இன்னும் கை வரவில்லை.

முதல் வேலை, வரப்பைப் பிரித்து அந்தப் பெட்டிகளை எடுப்பது. மூக்கில் துணி கட்டிக்கொள். மண்ணை நனைத்துவிட்டுத் தோண்டு, தூசி பறக்கக் கூடாது. கிணற்றுக்குத் தூரமாக மேட்டில் குழி வெட்டி, அடியிலும் மேலும் களிமண் போட்டு மூடு. வரப்பு இருந்த இடத்தில் இனி எந்தக் காலத்திலும் சாப்பிடுகிற பொருள் வேண்டாம், வேம்பு நடு. அதற்குப் பிறகுதான் பாத்திக்கு வைத்தியம்.

ஆறு மூட்டை ஓடும் சேர்ந்துவிட்டது. இரண்டு பரோட்டாக் கடையில் சொல்லி வைத்துத் தினமும் சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். எலும்பு இரண்டு மூட்டைதான் கிடைத்தது, மிச்சமெல்லாம் எலும்பு மில் லாரிக்குப் போகிறது. பஸ்ஸில் ஏற்றப் பார்த்தேன். கண்டக்டர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, இது என்னாது, ஆஸ்பத்திரியில இருந்து வருதா? எறங்குங்க மொதல்ல" என்று இறக்கிவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அதனால் அரிசி லாரி ஓட்டுகிற மருதுவிடம் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருவான். ஜோசபின் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாள், நான் இப்போது கொல்லைப்பக்கம் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

ஓட்டைக் களத்து உருளைக்கல்லில் அரைத்துக்கொள். எலும்பைப் பாத்தியில் போட்டுக் கொத்திவிடு. நாலு மூலையிலிருந்தும் மண் எடுத்துத் தனித்தனிப் பொட்டலமாக அனுப்பு.

வீட்டில் தூக்கம் குறைவு, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

யேசுதாஸ்


கொட்டாம்பட்டி வழி
2-5-1983

யேசுதாஸுக்கு,

நீ படித்த பத்திரிகைகளில் நாய் என்று ஒரு பிராணி இருப்பதை யாரும் எழுதவில்லையா?

எலும்பைப் பாத்தியில் போட்டுக் கொத்திவிடு என்று எழுதினாய். போட்டேன், கொத்தினேன், தண்ணீர் பாய்ச்சினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஊர் நாய் முழுக்க என் பாத்தியில்தான் நிற்கிறது. அடுத்த ஊரிலிருந்தும் நாலு வந்திருந்தது, எனக்கு முகம் தெரியும். எட்டு சென்ட்டையும் உழுது போட்டுவிட்டன. ஒவ்வொரு எலும்பும் ஒவ்வொரு வீட்டு வாசலில் கிடந்தது. எங்கள் பூசாரி மலையாண்டி வீட்டு வாசலிலேயே ஒரு தொடை எலும்பு. "சுருளி, ஒம் வெசத்த ஊருக்கே பங்கு வைக்கிறயாடா?" என்று கேட்டார். வீடு வீடாகப் போய்ப் பொறுக்கினேன். முத்துத்தாய் பத்து மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தாள், அதனால் உன்னை விடுகிறேன்.

பெட்டிகளை எடுத்துப் புதைத்தாயிற்று. எழுபத்து மூன்று. எண்ணிக்கொண்டே எடுத்தேன், ஒவ்வொன்றையும் இலவசம் என்று சந்தோஷமாகத் தூக்கி வந்தது ஞாபகம் வந்தது. வேப்பங்கன்று நட்டிருக்கிறேன். ஓட்டுத் தூளும் போட்டாயிற்று. மண் பொட்டலம் நாலு, மருதுவிடம்.

சுருளி


ஆனையூர்
17-5-1983

சுருளி,

தப்பு என்னுடையது. சுடச் சொல்லி எழுத மறந்துவிட்டேன். எலும்பை வெள்ளையாகிற வரைக்கும் சுட வேண்டும். அப்போது வாசனையும் இராது, உருளைக்கல்லில் மாவாகவும் நொறுங்கும். லேபில் எல்லாருக்கும் அது தெரியும் என்பதால் உனக்கும் தெரியும் என்று எழுதிவிட்டேன். நாய்களிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, உன்னிடம் கேட்கிறேன்.

உன் மண்ணைச் சோதித்தேன். எங்களிடம் பச்சையாக ஒரு திரவம் இருக்கிறது, ஈயத்தைக் கண்டால் சிவக்கும். மண்ணைக் காடியில் குலுக்கி, வடிகட்டி, அதில் விட வேண்டும். போன வருஷம் ரத்தம் மாதிரி சிவந்தது. இப்போது வெளிர் ரோஸ். புளிப்பு அடங்கியதால் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறது. இது போதாது. எலும்புத் தூள் நூறு கிலோவாவது வேண்டும். பரோட்டாக் கடைகளை நம்பினால் அடுத்த வருஷம் ஆகிவிடும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆனி மாதம் கருப்பு கோயிலில் உங்கள் ஊர் கிடா வெட்டுமே, அந்த எலும்பெல்லாம் என்ன ஆகிறது? கோயில் உன் பாத்திக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

யேசுதாஸ்


கொட்டாம்பட்டி வழி
10-6-1983

மாப்ள,

பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கருப்புக்கு வெட்டுகிற கிடா உனக்குத் தெரிந்த கதைதான். ஆம்பிளைகள் மட்டும் கூடுவோம். எல்லைக்குள் சமைத்தது எல்லைக்குள்ளேயே தீர வேண்டும். மிஞ்சிய சோற்றையும் எலும்பையும் அங்கேயே குழி வெட்டி மூடுவோம். நெற்றியில் பூசின திருநீற்றைக்கூட அழித்துவிட்டுத்தான் வெளியே வருவோம். நான் மலையாண்டிப் பூசாரியிடம் போய் எலும்பைக் கேட்டேன். "இன்னைக்கு எலும்பக் கேப்ப, நாளைக்குச் சாமி அருவாளக் கேப்ப" என்றார். ஏற்கெனவே வாசலில் தொடை எலும்பு கிடந்த கோபம் வேறு. திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். முத்துத்தாய் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "எலும்பு எல்லையத் தாண்டக் கூடாது, அம்புட்டுத்தானே? எல்லையக் கொண்டாந்து நம்ம பாத்தியச் சுத்திக் கட்டச் சொல்லுங்க."

எங்கள் கோயிலுக்குச் சுவர் கிடையாது, எல்லைக்கல்லும் கிடையாது. காப்புக் கட்டுகிற அன்றைக்குப் பூசாரி வைக்கோல் பிரி முறுக்கி, வேப்பிலை செருகி, சுற்றிக் கட்டுவார். அதுதான் எல்லை. கூட்டம் கூடின வருஷம் தள்ளிக் கட்டுவார். எட்டாம் நாள் அவிழ்த்துவிட்டால் அது பழையபடி வெறும் நிலம்.

மறுநாள் அவளே என்னோடு வந்து பூசாரி வீட்டு வாசலில் நின்றாள். "கருப்பு போயி வெச மண்ணுல உக்காருவாரா ஆத்தா?" என்று அவர் கேட்டார். "காவலுக்கு நிக்கிற சாமி நல்ல எடமாப் பாத்துத்தான் நிப்பாராண்ணே?" என்றாள் இவள். அவர் வெற்றிலையை மென்று முடித்தார். துப்பிவிட்டு, "பிரி எம்புட்டு நீளம் வேணும், அளந்து சொல்லு" என்றார்.

இந்த வருஷம் பந்தி என் பாத்தியில். பிரி அவிழ்க்கிற வரைக்கும் முத்துத்தாய் தன் நிலத்தில் கால் வைக்க முடியாது. பரவாயில்லை என்கிறாள்.

நீ வாரயா?

சுருளி


ஆனையூர்
18-6-1983

மாப்ள,

வரவில்லை. பரீட்சை வேலை என்று எழுதினால் பாதி பொய். அந்தப் பதினாறு பேரும் பந்தியில் இருப்பார்கள்.

ஆனால் இதைக் கட்டாயம் செய். பாத்தியில் கண்மாய் வண்டல் ஒரு சாண் பரப்பி, மேலே வைக்கோல் போட்டுத்தான் ஆட்கள் உட்கார வேண்டும். சாப்பிடுவதற்கு முன்னால் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மருதுவிடம் இருபது சோப்புக் கட்டி கொடுத்திருக்கிறேன். வேட்டியை உதறாமல் எழுந்திருக்கச் சொல். எலும்பை அங்கேயே சுடு, அங்கேயே நொறுக்கு, அங்கேயே கொத்து.

எழுதாமல் வைத்திருந்த காரணத்தை எழுதுகிறேன். போன ஜூனில் ஜோசபினுக்கு மூன்று மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து. முழுசாக நிற்கட்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. சனிக்கிழமை தோறும் தங்கச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்ட கீரைக்கட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. வாயில் வேறு எதுவும் இறங்காமல் அந்தக் கீரையைத்தான் ஜோசபின் தினமும் சாப்பிட்டாள். அன்றைக்கு லேபில் திரவம் சிவந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். கொட்டாம்பட்டியில் இறங்கினால் டீக்கடை முன்னால் இருந்தது, முத்திருளன் கையில் அதே கட்டு. எனக்கு உன் ஞாபகமே வரவில்லை.

டிசம்பரில் பெண் பிறந்தாள். செலின். நன்றாக இருக்கிறாள், டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டார். நான்தான் அவள் ஒவ்வொரு முறை அழும்போதும் பயந்துகொண்டு கிடந்தேன். உனக்குச் சொல்லாமல் இருந்தது கோபத்தில் இல்லை. சொன்னால் தங்கச்சி என்ன நினைப்பாள் என்று தெரியும்.

யேசுதாஸ்


கொட்டாம்பட்டி வழி
9-7-1983

மாப்ள,

உன் கடிதத்தை முத்துத்தாய்க்கு வாசித்துக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். பிள்ளை பிறந்தது என்றதும், "ஏழு மாசமா எனக்குச் சொல்லலியே" என்று முதலில் கோபம். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்து, கீரைக் கட்டு ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்து அழுதாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நல்லாருக்குல்ல, புள்ள நல்லாருக்குல்ல" என்று என்னை நூறு தடவை கேட்டிருப்பாள். நான் டாக்டரா? நன்றாகத்தான் இருக்கிறது என்று நூறு தடவையும் சொன்னேன். இனிமேல் உங்கள் வீட்டுக்கு ஒரு இலைகூட அனுப்ப மாட்டாளாம்.

உன்மேல் எனக்கிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் டீக்கடையைக் கொளுத்தியிருப்பேன்.

கிடா வெட்டு முடிந்தது. அறுபத்திரண்டு கிடா. நீ சொன்னபடி வண்டல் கொட்டி வைக்கோல் பரப்பினேன். பூசாரி பிரியைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து பாத்தியைச் சுற்றி வந்தபோது ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் உட்காரவில்லை. இலை போட்டுச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் மலையாண்டி, "சாமி உக்காந்துருச்சு, நீங்க என்ன பெரிய மயிரா?" என்று கத்தினார். முதலில் உட்கார்ந்தது டீக்கடை முத்திருளன். இரண்டு தடவை கறி கேட்டு வாங்கினார். அப்புறம் ஒவ்வொரு பந்திக்கும் இருநூற்றுக்கு மேல் உட்கார்ந்தார்கள். உன் சோப்பு போதவில்லை.

முத்துத்தாய் ரோட்டு மேட்டில் நின்று தூரத்திலிருந்து பார்த்தாள். அவ்வளவு பேர் தன் பாத்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை ஒரு வாய் சாப்பிடாமல் பார்த்தாள்.

எலும்பைச் சுட இரண்டு நாள், நொறுக்க மூன்று நாள். நூற்றுப் பத்து கிலோ இருக்கும். ஏழாம் நாள் கொத்தி முடித்தேன், எட்டாம் நாள் பிரி அவிழ்ந்தது. ஒரு நாய்கூட வரவில்லை.

சுருளி


ஆனையூர்
4-3-1984

மாப்ள,

மழைக்குப் பிறகு நீ அனுப்பிய மண் மூன்று தடவை, தை மாத அரைக்கீரை மூன்று அறுப்பு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கீரையை எரித்துச் சாம்பலாக்கி, கரைத்து, திரவத்தில் விட்டேன். பச்சை பச்சையாகவே நின்றது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

எனக்கே என் கையில் நம்பிக்கை வராமல் நாகமலை புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவர் மெஷினில் பார்த்துச் சொன்னார். கூடவே சென்ட்ரல் மார்க்கெட்டில் வாங்கிய கீரையையும் பேர் போடாமல் கொடுத்திருந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றார்.

ஈயம் அங்கேயேதான் இருக்கிறது, மறக்காதே. வருஷம் ஒரு முறை ஓட்டுத் தூள் போட வேண்டும். கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் விளைவது வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் எனக்கு மண் வர வேண்டும்.

மெஷின் சீட்டை முத்திருளன் கடையில் ஒட்டு. கத்தின இடத்திலேயே இதையும் நான் வந்து சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் கிளம்புகிறேன்.

அதற்கு முன்னால், சனிக்கிழமை ஒரு கட்டு பஸ்ஸில் ஏற்றச் சொல். ஜோசபின் கேட்கிறாள், நான் இல்லை.

யேசுதாஸ்


கொட்டாம்பட்டி வழி
8-3-1984

மாப்ள,

உன் கடிதத்தை முத்துத்தாய்க்கு வாசித்தேன். அனுப்ப மாட்டேன் என்பாள், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் எழுந்து போய்க் கீரை அறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. பத்துப் பதினைந்து நாளாகவே பாத்தியின் கிழக்கோரம் குட்டையாக இருந்தது. ஆடு மேய்ந்துவிட்டது என்று நினைத்து வேலியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டேன். ஆடு இல்லை, இவள்தான். உன் முடிவு வருவதற்கு முன்னாலேயே பதினெட்டு நாளாகத் தினமும் அதில் ஒரு கைப்பிடி கடைந்து, எனக்கும் போடாமல் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

"அறிவு இருக்காடி? அவன் சோதன பண்ணிச் சொல்றதுக்குள்ள என்ன அவசரம்?" என்று கத்தினேன். முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் பாட்டில்ல பாத்தாக, நான் வயித்துல பாத்தேன். போன தடவ தெரியாமக் குடுத்தேன். இந்தத் தடவ தெரிஞ்சு குடுக்கணும்ல."

கட்டு சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறது. பழைய கண்டக்டர்தான், மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சுருளி


ஆனையூர்
10-3-1984, சனி

மாப்ள,

கார்டுதான், இடமில்லை; தபால் நாளைக்குள் வராது, கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். கட்டு வந்தது. தங்கச்சி சொன்னதாக நீ எழுதியதை ஜோசபினுக்கு வாசிக்க முடியவில்லை, அவளே வாங்கி வாசித்துக்கொண்டாள். மத்தியானமே கடைந்தாள். நான் முதலில் சாப்பிடுகிறேன் என்றேன், விடவில்லை. "அங்க ஒருத்தி பதினெட்டு நாள் சாப்பிட்டாச்சு, நீங்க தள்ளுங்க" என்று சோற்றில் பிசைந்து செலினுக்கு ஊட்டினாள். முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதை என் சட்டையில் துப்பினாள். மூன்றாவது உள்ளே போனது, அப்புறம் வாயைத் திறந்துகொண்டே இருந்தாள். நாளைக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். டீக்கடையில் இறங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இல்லை, முதலில் வீட்டுக்கு வருகிறேன்.

யேசுதாஸ்